வெளிச்சத்துக்குக் குறுக்கே

ஊஞ்சல் பலகை பாபிராஜுவின் வலது கால் கட்டைவிரலில் விழுந்தது.

கழற்றியதும் அவர்தான், பிடித்திருந்ததும் அவர்தான், கைநழுவ விட்டதும் அவர்தான். திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

கூடத்தின் நடுவில் ஊஞ்சல் தொங்கினால் புது புரொஜெக்டரின் வெளிச்சம் சுவருக்குப் போய்ச் சேராது. கழற்ற ஆள் வைத்திருக்கலாம்; பீமவரத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் மனைவி மங்கதாயாரு ஆடிய ஊஞ்சலை வேறொருவன் அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. அதற்கு விரல் நசுங்குவது எவ்வளவோ தேவலை.

போன உகாதிக்கு அவள் அதில் உட்கார்ந்து மாங்காய் சீவினாள். இந்த உகாதிக்குச் சுவரில் இருக்கிறாள், மாலையோடு.

புரொஜெக்டரை அனுப்பியது டாலஸில் இருக்கும் மகன். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி கூப்பிடுவான். இறால் பிடிக்கிற சமயம், குளத்தை விட்டு எப்படி வருவது என்று இவரும் தவறாமல் இழுப்பார்.

இறால் ஒரு சாக்கு. அவள் இன்னும் இந்த வீட்டிலேயே இருந்தால்? பூட்டிய வீட்டில் அவளைத் தனியாக விட்டுவிட்டு விமானம் ஏறுவதா?

இதைப் புரோகிதரிடம் கேட்டார். அவர் இருமினார். மைத்துனன் ராம்பண்டுவிடம் கேட்டார். அவன் மழையைப் பற்றிப் பேசினான். நேராக ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ராம்பண்டு ரிமோட்டை அமுக்கினான். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு கருப்பு வெள்ளைக் கதாநாயகி வந்து நின்றாள். அவளுடைய ஒவ்வொரு இமைமயிரும் பாபிராஜுவின் வீங்கிய விரல் பருமன் இருந்தது.

"டிக்கெட் கிழிக்க மட்டும்தான் ஆள் இல்ல பாவா," என்றான் அத்தானிடம்.

"இருந்திருந்தா முதல்ல உன்னத்தான் வெளிய தள்ளியிருப்பான்."

ராம்பண்டு தண்ணீர்ச் செம்பை எடுக்கக் குறுக்கே நடந்தான். படம் சட்டென்று மங்கியது. அவன் விலகியதும் பளிச்சென்று திரும்பியது.

"ஆள் குறுக்க வந்தா தானா வெளிச்சத்தக் குறைச்சுக்குமாம். கண்ணு கூசக் கூடாதுல்ல. நாற்காலி, தூணு இதுக்கெல்லாம் குறைக்காது பாவா, மனுஷனுக்கு மட்டும்தான்."

"அப்புறம் உனக்கு ஏன் குறைச்சுது?"

சிரித்துக்கொண்டே அவன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

படம் மங்கியது.

பளிச்சென்றது. மறுபடி மங்கியது. மறுபடி பளிச்சென்றது. அவசரமே இல்லாமல். சாப்பிட்ட களைப்பில் ஒருவர் கால்விரலால் தரையை உந்தி உந்தி ஆடுகிற கணக்கில்.

ராம்பண்டு ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

"புது மிஷின்தானே பாவா, பழகணும்," என்று ராம்பண்டு எழுந்தான். "குளத்துக்குத் தீனி போடற நேரமாச்சு." செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

பாபிராஜுவுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சுக்குள் பல மாதமாக இறுகிக் கிடந்த ஒன்று தளர்ந்தது. ஊஞ்சலைக் கழற்றினால் என்ன, ஆடுகிறவள் ஆடத்தான் செய்வாள்.

"சரி, இப்படி வெச்சுக்குவோம்," என்றார் சுவரைப் பார்த்து. "ஆமான்னா குறுக்கயே நில்லு. இல்லைன்னா விலகி நில்லு. உன் தம்பி ஒரு வெத்துவேட்டுதானே?"

கேள்வி முடியும் முன்பே ஆட்டம் நின்றது. படம் மங்கி, மங்கியபடியே இருந்தது.

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆட்டம் தொடர்ந்தது.

"மதியம் நான் வெச்ச மீன் குழம்பு நல்லா இருந்துதா?"

ஆட்டம் நின்றது. வெளிச்சம் முழுதாக வந்து, அப்படியே நிலைத்தது. இல்லை.

நியாயம்தான். அவர் கையால் சமைத்த மீன் கோதாவரிக்கே அவமானம்.

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. இன்று ராத்திரி மகன் கூப்பிட்டதும் சொல்லிவிடலாம், நான் வரவில்லையடா என்று. இவள் இங்கே இருக்க, எனக்கு அங்கே என்ன வேலை? எத்தனை நாள் கழித்துப் பேசுகிறாள். அதுவும் எவ்வளவு ஒழுங்காக, கேட்டதற்குக் கேட்டபடி.

சிரிப்பு பாதியில் நின்றது.

கூட வாழ்ந்த காலமெல்லாம் மங்கதாயாரு எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னவள் இல்லை. காபி குடிக்கிறாயா என்றால், "அடுப்புல பால வெச்சது பூனைக்கா?" என்பாள். கோயிலுக்கு வருகிறாயா என்றால், "இந்தப் புடவையிலயா?" என்பாள். ஆஸ்பத்திரியில், வலிக்கிறதா என்று கேட்டதற்குக்கூட, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சுவரில் கதாநாயகி மங்கினாள், தெளிந்தாள். மங்கினாள், தெளிந்தாள்.

அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கேட்காமல் இருந்துவிடலாம். கேட்காமலே வீட்டை விற்காமல் இருந்துவிடலாம்.

"மங்கா," என்றார். "நீதானே?"

ஆட்டம் நின்றது.

படம் பாதி மங்கலில் ஒரு கணம் தயங்கியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல.

பிறகு வெளிச்சம் முழுதாக வந்து, அப்படியே நிலைத்தது.