கல்லுஸ் என்றால் சேவல்

இருட்டில் யாரோ தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவது போல இருந்தது.

பேனா கையிலிருந்து நழுவியது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் புரிந்தது. சேவல். மணி ராத்திரி பத்து.

தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை வீறிட்டது. ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடந்து, இப்போதுதான் தூங்க வைத்திருந்தேன்.

மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்து சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 'கல்லுஸ்: லத்தீன், சேவல்.'

அகராதி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே சொல் வரலாறு எழுதித் தருகிறேன். கான்வென்டில் சிஸ்டர் முட்டியில் தட்டித் தட்டி ஏற்றிய லத்தீன், இப்போது சோறு போடுகிறது. கல்லுஸுக்கு மூன்று அர்த்தம். சேவல், பழைய கல்லியா (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக்காரன், ஒரு தாய்த் தெய்வத்தின் பூசாரி. சேவலுக்கு அந்தப் பெயர் நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பார் ஒருவர். இல்லை, கூப்பிடுவதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து என்பார் இன்னொருவர். அலசி எழுதி நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

"இன்னொரு தடவை லேட்டானா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

கணவர் கப்பல் வேலைக்குப் போய்ப் பத்து நாள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. சேவல் கீழ் வீட்டு டெய்லருடையது. நானோ எழுத உட்காரும்போது பால்கனி விளக்கைப் போட்டால் விடியும்வரை அணைக்காத பயந்தாங்கொள்ளி.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஆன்ட்டி, ஒண்ணு அந்தச் சேவல் போகணும், இல்ல நான் போகணும்."

"சேவல்தான் போகுது. காலையில டெய்லரோட தங்கச்சி வீட்டுக்கு."

"இதை முன்னாடியே செஞ்சிருந்தா என்ன? குழந்தை இருக்கிற வீடுன்னு கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா அந்த மனுஷனுக்கு?"

ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுன்னார். நீ இப்படிப் பேசினா சொல்லாம என்ன பண்றது? மூணு வருஷமா அந்தச் சேவல் அங்கதான் இருக்கு. ராத்திரி கூவினதே இல்ல. உன் பால்கனி விளக்கு நேரா முற்றத்துல இருக்கிற கூண்டு மேல விழுதும்மா. விடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்குது."

பால்கனியில் எரிந்துகொண்டிருந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாக்கு போட்டு மூடிப் பார்த்தார், கொத்திக் கொத்தித் தள்ளிடுச்சு. ஒத்த ரூம், உள்ள வெச்சா தைக்கிற துணியெல்லாம் நாசம். உன்கிட்ட விளக்கை அணைக்கச் சொல்றேன்னேன். 'வேணாங்க, தனியா இருக்கிற பொண்ணு, பயத்துல போட்டிருக்கு, எரியட்டும்'னுட்டார். குஞ்சிலேர்ந்து வளர்த்தது. நேத்து பூரா மனுஷன் சாப்பிடல."

போனை வைத்தேன். ஒரு சொல்லின் வேரைத் தேடி ரெண்டாயிரம் வருஷம் பின்னால் போனவள், பால்கனியிலிருந்து ஒரு தடவை கீழே எட்டிப் பார்க்கவில்லை.

பால்கனி விளக்கை அணைத்தேன். கதவைத் திறந்து, படியில் நின்று கூப்பிட்டேன்.

"அண்ணே!"

கழுத்தில் அளவு நாடாவோடு பதறி ஓடி வந்தார். "என்னம்மா, பாப்பாவுக்கு ஏதாவது?"

"சேவலை அனுப்பாதீங்க."

படி ஜன்னல் வழியாக, இருண்டு கிடந்த முற்றத்தைப் பார்த்தார்.

"உனக்குப் பயமா இருக்குமேம்மா?"

"இருக்கும்."

அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "அப்போ கதவைச் சாத்து. தாழ்ப்பாள் சத்தம் கேட்டப்புறம்தான் நான் இறங்குவேன்."

வாசலோர இருட்டில் தடவித் தடவி, அவர் காதில் விழும்படி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.