தையல் கூடத்துக் கதவு

கத்தரிக்கோலும் கையுமாகத் தையல்காரம்மா எழுந்ததைப் பார்த்ததும் அதிகாரி ஓரடி பின்வாங்கினாள்.

அரசு உர நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு அவள் புதிது. ஆலையை ஒட்டிய குடியிருப்புக்கு வருவதும் இதுதான் முதல் தடவை. நிறுவனம் கட்டிக்கொடுத்த தையல் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி இந்த வருடமும் கிடையாது என்பதைச் சுற்றி வளைத்து இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

ஆலையில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிறது போலிருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம் என்று பையை எடுத்தாள். சங்கு ஓய்வதாக இல்லை.

அதற்குள் பெண்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள். டீக்கடைக்காரர், வெளியே நின்ற அவளுடைய டிரைவரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். கதவைத் தாழிட்டார்.

போன மாதம் மேலாளர் ஒருவரை இந்த ஊர்க்காரர்கள் அறையில் வைத்துப் பூட்டிய கதையை ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அவர் மேல் யாரும் கை வைக்கவில்லையாம். ஆனால் அவர் முன்னால் யாரும் கத்தரிக்கோலோடு நின்றதாகத் தெரியவில்லை.

"இது என் முடிவு இல்லம்மா. மேலிடத்துல எடுத்தது," என்றாள்.

தையல்காரம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய, நிறுவனத்தின் பெயர் போட்ட துணி பேனரைக் குறுக்கே வெட்டி இழுத்தாள். வாளித் தண்ணீரில் முக்கினாள். கதவடியில் போட்டுக் குதிகாலால் மிதி மிதியென்று மிதித்தாள்.

மிச்ச ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள்.

மகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. கத்த வாயெடுத்தாள். இரண்டு பெண்கள் தோளை அழுத்தித் தரையில் உட்கார வைத்தார்கள். ஈரத்துணி மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியது. கால்களை உதைத்துக்கொண்டு திமிறினாள்.

தையல்காரம்மா தன் முந்தானையையும் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"உங்க ஆலையில அமோனியா கசியுதும்மா."