ஏழாம் காற்றாலை

யாராவது ஒருத்தர் எழுந்தால் போதும்.

அவன் மூன்றாம் வரிசையில் கால் மாற்றிக் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு வைத்திருந்தான். தம்பி வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.

தம்பி வரவுமில்லை. கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மேடையில் கலெக்டர் ஆபீஸ் மேடம் மறுபடியும் மைக்கைத் தட்டினார். ஊருக்குப் பின்னால் நிற்கிற பழைய காற்றாலைகள் ஒன்பதையும் கழற்றிவிடுவார்கள். மேற்கே தள்ளி ஒரே ஒரு பெரிய காற்றாலை வரும். ஒன்பதும் சேர்ந்து தந்ததைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் அது ஒன்றே தரும்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

மின்விசிறிகள் மட்டும் சுற்றின.

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று நாள் பஸ்ஸை மறித்த ஊர் இது. எந்தத் தெருவுக்கு எத்தனை குழல்விளக்கு என்று சண்டை போட்டுத் திருவிழாச் சப்பரத்தையே நிறுத்திய ஊர். இன்றைக்குப் பார்த்து எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

புதியது இரைச்சல் போடும் என்று சொல்லலாம். பறவைகள் அடிபடும் என்று சொல்லலாம். ஒன்றும் தோன்றாவிட்டால், கம்பெனிக்காரன் ஊருக்கு வேலை தரவில்லை என்றாவது கத்தலாம். எப்போதும் கத்துகிறவர்கள்தானே.

அவன் கத்த முடியாது. கூட்டத்தில் வாயே திறக்காதவன் இன்று திறந்தால், ஏன் என்று ஊர் யோசிக்கும். யோசித்தால் கண்டுபிடித்துவிடும்.

ஏழாம் காற்றாலை போனால் அவனுடைய பார் போய்விடும்.

கடலுக்கு அடியில் கிடக்கிற பாறை அது. ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். வள்ளத்திலிருந்து கரையைத் திரும்பிப் பார்த்தால், கோயில் சிலுவைக்கு நேர் பின்னால் ஏழாம் காற்றாலை நிற்க வேண்டும். கிழக்கே கலங்கரை விளக்கமும் மொட்டை மலையும் ஒட்டித் தெரிய வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் விளமீன். மகளின் நர்சிங் படிப்பு அந்த விளமீனில்தான் ஓடுகிறது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். கஸ்பார் தன்னுடைய பாரை அதில்தான் ஏற்றி வைத்தான். ஒருநாள் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்தான். அது திரும்பி வந்த வாரம் அவன் பாரில் இருபது வள்ளங்கள் நின்றன.

காகிதத்தில் எழுதி வைக்கலாம் என்றால், வீட்டில் நான்கு பேருக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா அந்த அடையாளத்தைச் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அம்மாவையே வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார். உனக்கு மட்டும் என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் தம்பியோடு ஒரே வள்ளத்தில் போவதை விட்டான். வலையைக் கிழித்துவிட்டாய் என்றான், என்ஜினைக் கெடுத்துவிட்டாய் என்றான். வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிரிந்தான். எட்டு வருடம் ஆகிறது. பேச்சுவார்த்தை இல்லை.

மேடம் பேனாவைத் திறந்தார்.

"அப்போ ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கிறேன். இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லை."

அவன் எழுந்துவிட்டான்.

"மேடம், ஒரு காத்தாடிய மட்டும் விட்டுரலாம்."

"ஏன்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரைச்சல், பறவை, வேலை எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தன.

"பாக்கதுக்கு அழகால்லா இருக்கு."

சொன்னதும் உடம்பு கூசியது. துருப்பிடித்து, ஒரு இறக்கையில் ஒட்டுப் போட்டு, சுற்றும்போது முனகுகிற காற்றாலை அது. இப்போது சிரிக்கப் போகிறார்கள். வருகிற திருவிழா வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் கஸ்பார் மெல்ல எழுந்தான்.

"ஆமா மேடம். நல்ல அழகு."



பின்னாலிருந்து சூசைமரியான் எழுந்தார். சாயங்காலம் அது சுத்துவதைப் பார்த்தால் மனசு நிறைஞ்சிரும் என்றார். சூசைமரியான் வானத்தை நிமிர்ந்து பார்த்தே அவன் பார்த்ததில்லை. அடுத்து மூன்று பேர். அதற்கடுத்து ஐந்து பேர். எல்லாரும் தூண்டில்காரர்கள். எல்லாருக்கும் அழகாக இருந்தது.

இரண்டு வருடமாக விளமீன் ஏன் குறைகிறது என்று அவன் கடலைத் திட்டிக்கொண்டிருந்தான். நீரோட்டத்தைத் திட்டினான், வெயிலைக்கூடத் திட்டினான். அத்தனை திருடர்களும் இங்கே வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, ஒன்பதுல எது?"

அவன் மேற்கூரையைப் பார்த்தான். கஸ்பார் செருப்பைப் பார்த்தான். சூசைமரியானுக்கு இருமல் வந்தது.

"எதுன்னு சொன்னாத்தானே எழுத முடியும்!"

கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் கேக்கது ஏழாவது, மேடம். எங்க அப்பாக்கும் அதுன்னா உயிரு."

மேடம் எழுதினார்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன மனிதரை என்னவென்று திட்டுவது? உனக்கு மட்டுமாம். தம்பியிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அவன் உட்கார்ந்தான்.

எட்டு வருடத்தில் தம்பி அவனை அண்ணன் என்று சொன்னது இன்றைக்குத்தான்.

சொல்லிவிட்டுத் தம்பி இன்னும் கதவோரமாகத்தான் நின்றான். வெயில் முதுகில் அடித்தது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.