நொடிக்கு நாற்பது கிலோமீட்டர்

“வால்வெள்ளி எம்புட்டு வேகமாப் போகும்?” என்று வேல்விழி ஒருநாள் கணவனிடம் கேட்டாள்.

“நொடிக்கு நாப்பது கிலோமீட்டர். நான்தான் தெருமுனையில பைக்கை நிறுத்தி, ‘என்னமோ சொல்ல வந்தியே புள்ள’ன்னு தெனமும் திரும்பிப் பாக்கேன். அது பாக்காது,” என்று சிரித்தான் முத்துப்பாண்டி.

அவள் வழக்கம்போல ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அவன் வெயில் ஏறுமுன் மருந்து கலக்க அச்சங்குளம் பட்டாசு ஆலைக்குப் போனான். ஒரு மாதம் கழித்து அந்தக் கலவை அறை வெடித்தபோது அவன் உள்ளே இருந்தான்.

இப்போது விடியலில் அவனுடைய கேமராவோடு அவள் மாடி ஏறுகிறாள். சற்று இடைவெளி விட்டு இரண்டு படங்கள் எடுத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே வால்வெள்ளி நகர்ந்த தூரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுகிறாள். முதல் நாள் நாற்பது வந்தது. மறுநாள் இருபத்தைந்து. நேற்று ஒன்பது.

“எங்க எல்லாருக்கும் நாப்பதுதாம்மா வருது. கேமரா ஸ்டாண்டைப் பாருங்க,” என்றார் அவனோடு வானம் பார்த்த ஜெயச்சந்திரன், போனில்.

இன்று இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். நட்சத்திரங்கள் பொருந்தின. வால்வெள்ளியும் இம்மி பிசகாமல் பொருந்தியது.

நிமிர்ந்தாள். அச்சங்குளம் பக்கம் அது நின்றுகொண்டிருந்தது. வேல்விழி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கத்தினாள்:

“இன்னிக்கு வேலைக்குப் போகாதீக!”