ஏழாம் நம்பர் காத்தாடியில் ஒரு கை

"நான் ஏறமாட்டேன் மேடம். வேற ஆளப் பாத்துக்கங்க."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார் பிச்சைமணி. கரண்டு எடுக்கும் காத்தாடி றெக்கையில் தொங்கி வேலை பார்ப்பதில் பதினெட்டு வருஷ அனுபவம். இந்த ஆளா பயப்படுகிறார் என்று, றெக்கைகளைச் சோதிக்க வந்த இன்ஜினியர் வேல்விழிக்கு எரிச்சலாக வந்தது.

எல்லாம் அவள் வெப்பக் கேமரா காட்டிய படத்தால் வந்த வினை.

வெயிலில் காய்ந்த றெக்கைமேல் காற்று வழுக்கிக்கொண்டு போனால், அந்த இடம் சூடு குறையாமல் வெளுப்பாகத் தெரியும். எங்கேயாவது இடறிச் சுழன்றால், அதற்குப் பின்னால் சட்டென்று ஆறிக் கறுப்பாகத் தெரியும். கடுகளவு மேடு போதும்.

கண்டமனூர்க் காட்டில் ஏழாம் நம்பர் காத்தாடி, வெறும் கண்ணுக்கு வெள்ளைவெளேரென்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் ஒரு றெக்கையில் ஐந்து கறுப்புக் கோடுகள். நாலு சேர்ந்து, ஒன்று விலகி.

சுற்றுக்குச் சுற்று அந்தக் கை மேலேயிருந்து இறங்கியது. தரையைத் துழாவியது. மறுபடி மேலே போனது.

பட்டப்பகல்தான். ஆனாலும் வேல்விழிக்கு உடம்பு சிலிர்த்தது.

பிச்சைமணியோடு கயிற்று வேலை பார்த்த விஜயபாண்டி போன பங்குனியில் விழுந்து செத்தது இந்தக் காத்தாடியிலிருந்துதான். குடித்துவிட்டுத் தனியாக ஏறினார் என்று கம்பெனி எழுதி முடித்துவிட்டது. அவர் பெண்டாட்டி மாயக்காள் அதன்பிறகு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடப்பதில்லை.

"பூச்சியோ, பறவை எச்சமோதாண்ணே. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஏறி நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டு வாங்க."

"பேயின்னு நான் சொன்னனா?" என்றார் பிச்சைமணி.

காத்தாடியை நிறுத்தச் சொல்லி, ட்ரோனை அனுப்பினாள் வேல்விழி.

றெக்கை விளிம்பில் விரிசலுக்குப் பூசிய பசை. அது இறுகும் முன்னால் யாரோ அழுத்திப் பிடித்த ஐந்து விரல் தடம், அப்படியே கல்லாகக் கிடந்தது.

"ஆத்தாடி! விஜயபாண்டி கையா?"

"இல்ல. என்னோடது."

பிச்சைமணி தன் வலது கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினார். கோணல் சுண்டுவிரல்கூட ஒத்துப்போனது.

"நீங்க அன்னைக்கு மேலயே போகலன்னுல்ல ரிப்போர்ட்ல இருக்கு?"

"நஞ்சுபோன கயிறு மேடம். மாத்திக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டோம்! அறுந்துருச்சு. பூசுன பசை காயாத றெக்கையப் புடிச்சுத் தொங்குறேன். விஜயபாண்டி அண்ணன் தன் கயித்தக் கழட்டி என் இடுப்புல மாட்டிவிட்டாக. மாட்டின கையோட அவுகளுக்குக் கால் வழுக்கிருச்சு."

வேல்விழி திரையில் அந்தத் தடத்தைப் பெரிதாக்கினாள்.

"பொட்டுச் சாராயம் தொடாத மனுசன். இதையும் தேய்ச்சுட்டா, அங்கன நாங்க ரெண்டு பேரு இருந்தோம்கிறதுக்கு வேற என்ன இருக்கு? இந்தப் படத்த உங்க ரிப்போர்ட்ல போடுங்க மேடம்."

"போடுறேன். ஆனா இத்தன மாசம் ஏண்ணே வாயத் தொறக்கல?"

பிச்சைமணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் குடிச்சிருந்தாகன்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் இந்தக் கைதான் மேடம்."