கம்பெனி அனுப்பும் வரை

“கண்டவன் குடுத்த ஃபிளாப்பியை என் லேப் கம்ப்யூட்டர்ல போடுவியா? கம்பெனி சாஃப்ட்வேரைச் சரிபண்ணி அனுப்புற வரைக்கும் பொறு!” ரத்தப் பரிசோதனை லேப் முதலாளி உபகாரசாமி மேஜையைத் தட்டினார்.

ஆபரேட்டர் வின்சி அசையவில்லை. “இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கீக. பாஸ்வேர்டு கேக்கும்போது எஸ்கேப் பட்டனை அமுக்குனாப் போதும், காரைக்குடியில பாதிப் பேரோட ரிப்போர்ட் தெரியுது. யாரோ அப்படிப் படிச்சுட்டுப் போயி, ஒரு பொண்ணு கல்யாணமே நின்னு போச்சு. தெரியும்ல?”

தெரியும். அது காதில் விழுந்ததிலிருந்தே அவருக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் இத்தனை கோபமும்.

மறுபடியும் மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். “அடுத்த வெர்ஷன்ல சரியாயிரும் சார்” என்றார்கள். ரிசீவரை அறைந்து வைத்தார்.

“சரி, போட்டுத் தொலை. இந்த புரோகிராமை எழுதுனது யாரு? நம்பலாமா?”

“அவனையா?” வின்சி கசப்பாகச் சிரித்தாள். “அருள் பிரகாஷ்.”

“உனக்கு நிச்சயம் பண்ணுன பையன்தான? இதை முதல்லயே சொல்லியிருந்தா...”

“நிச்சயத்தை முறிச்சுட்டாக சார். இங்க பிரிண்டர் ரிப்பேர் பாக்க வந்தப்ப, எனக்குச் சர்க்கரைன்னு படிச்சிருக்கான். நின்னு போனது என் கல்யாணம்தான்.”

உபகாரசாமி கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

வின்சி ஃபிளாப்பியை உள்ளே தள்ளினாள். “அவன் வீட்டு வாசல்ல நின்னு, தெருவே கேக்கக் கத்தி, இதை எழுத வச்சேன். அவன் புகுந்த வழியை அவன் கையாலயே அடைக்கட்டும்.”