கரை சேரும் இடம்

‘இந்தக் கரையைச் சேர்க்க எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தறியில் உட்காரவைத்தார்களோ.’ என்று நினைத்தபடி நீலாம்பாள் தன் கையிலிருக்கும் பட்டுச் சால்வையில், கரையும் சால்வையின் உடல்பகுதியும் கூடும் இடத்தை விரலால் தடவுகிறாள். ஒன்பது வயதில் அவளைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து இந்தப் பள்ளியைத் தொடங்கிய சாயிரா பானு இன்று தன் நினைவுக் கூட்டத்தில் மேசைமேல் படமாக இருக்கிறார். வெயில் கண்ணாடியில் விழுந்து முகம் தெரியவில்லை. மைக் இரைகிறது. சால்வை கொண்டுவந்த பட்டுக்கடை முதலாளி முன்வரிசையில் காத்திருக்கிறார். “படத்துக்குப் போர்த்துமா. இனிமே ஸ்கூல நடத்தப்போறவரே மொதலாளிதான்,” என்று செயலாளர் உதயகுமார் கிசுகிசுக்கிறார். “சாயிராம்மா பட்டைத் தொடவே மாட்டாங்க சார்.” “போட்டோவுக்கு இன்னாமா தெரியப்போவுது?” நீலாம்பாள் சால்வையைப் பழைய மடிப்பிலேயே மடித்து உதயகுமார் கையில் வைக்கிறாள். “எனக்குத் தெரியுது சார். நான் போர்த்தல.”